கவுன்சலருக்கு எந்த இடம் பொருந்தும்? பள்ளி, மருத்துவமனை, கம்பெனி, சொந்த பிராக்டிஸ்: ஓர் ஒப்பீடு

கவுன்சலிங், அதாவது மனநல ஆலோசனைத் துறைக்கு வந்து இரண்டு மூன்று வருடங்களில் பலருக்கும் ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது: "நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லையோ?" வருகிறவர்களின் பேச்சைக் கேட்கப் பொறுமை இருக்கிறது, படிப்பும் பயிற்சியும் இருக்கிறது, ஆனாலும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே உடம்பு கனக்கிறது. இப்படிச் சொல்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, "தொழில் பிடிக்கவில்லையா, வேலை பார்க்கிற இடம் பிடிக்கவில்லையா?" என்பதைத்தான். இரண்டும் கலந்துபோய்க் கிடக்கும்போது அவசரப்பட்டுத் தொழிலையே விட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேறோர் இடம் அமைந்திருந்தால் அவர்களில் பலர் நல்ல கவுன்சலர்களாக நிலைத்திருப்பார்கள் என்றுதான் நம்புகிறேன்.

ஆகவே ஒரு கவுன்சலருக்குக் கிடைக்கக்கூடிய இடங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். சம்பளம், தூரம், வேலை நேரம் எல்லாம் யாரும் சொல்லாமலே எல்லோரும் பார்ப்பவை. அவற்றைத் தாண்டி எதைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

எதை வைத்து ஒப்பிடுவது

2005-இல் ஏமி கிறிஸ்டாஃப்-பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். ஒருவருக்கு அவருடைய வேலையோடு உள்ள பொருத்தம், நிறுவனத்தோடு உள்ள பொருத்தம், சக ஊழியர்களோடு உள்ள பொருத்தம், மேலதிகாரியோடு உள்ள பொருத்தம் என்று நான்காகப் பிரித்துப் பார்த்தார்கள். வேலைத் திருப்தியோடு முதலாவதற்கு இருந்த தொடர்பு 0.56. நிறுவனத்துக்கும் மேலதிகாரிக்கும் தலா 0.44. சக ஊழியர்களுக்கு 0.31. தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்ற அளவுகோலில், மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளில் 0.5 என்பதே பெரிய எண். பல தொழில்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. கவுன்சலர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சக ஊழியர்களின் பங்கு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கருத்து. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆர்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாடு மனிதர்களின் ஆர்வங்களையும் வேலைச் சூழல்களையும் ஆறு வகையாகப் பிரிக்கிறது. கவுன்சலிங் அதில் 'சமூக' வகை: பிறருக்கு உதவுவது, கற்றுக்கொடுப்பது, கூட இருந்து கவனிப்பது. என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் மாணவருக்கு இது பயன்படும். ஏற்கெனவே கவுன்சலர் ஆகிவிட்டவருக்கு அவ்வளவாகப் பயன்படாது. இந்தத் துறைக்கு விரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வகைதானே! அவர்களில் ஒருவர் நிறைவாகவும் இன்னொருவர் நொந்துபோயும் இருக்கிறார் என்றால், அதற்கான காரணத்தை அவர்களுடைய ஆர்வத்தில் தேடுவதைவிட அவர்கள் இருக்கும் இடத்தில் தேடுவதே நல்லது.

அப்படித் தேட எனக்கு மிகவும் உதவுவது கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் 1997-இல் சொன்ன ஆறு விஷயங்கள். வேலைப் பளு, தன் வேலை மீது தனக்கு இருக்கும் பிடி, கிடைக்கும் பலன், உடன் இருப்பவர்களோடு உறவு, நியாயம், மதிப்பீடுகள் (எது சரி, எது முக்கியம் என்ற நம்பிக்கைகள்). இவற்றில் ஆளுக்கும் இடத்துக்கும் ஒத்துப்போகாமல் நாட்கள் ஓடினால் பர்ன்அவுட், அதாவது வேலையால் மனமும் உடலும் ஓய்ந்துபோகும் நிலை, வரும் என்பது அவர்கள் வாதம். கவுன்சலர் வேலையில் இடத்துக்கு இடம் மிக அதிகமாக மாறுவது மூன்று: பிடி, உறவு, மதிப்பீடுகள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்ப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஒரு கேஸில் திணறும்போது பேச அருகில் யார் இருக்கிறார்கள்? நல்ல வேலை என்று அந்த இடம் எதைச் சொல்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

இன்றைய வேலையில் திருப்தி என்பதும் தொழில் வாழ்க்கையில் திருப்தி என்பதும் வேறு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாவதை அளக்க ஜெஃப்ரி கிரீன்ஹவுஸும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் ஐந்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார்கள். இதுவரை அடைந்த வெற்றி, ஒட்டுமொத்த இலக்கை நோக்கிய நகர்வு, வருமானம், பதவி உயர்வு, புதிய திறன்கள் என்று ஐந்திலும் நீங்கள் எவ்வளவு திருப்தியாக இருக்கிறீர்கள் என்று அது கேட்கும். கவுன்சலர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிறுவனத்தில் பதவி உயர்வு கிடைத்தால் பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர், துறைத் தலைவர் என்று ஆகி, கவுன்சலிங் அறையை விட்டே வெளியே வர வேண்டியிருக்கும். சொந்த பிராக்டிஸில் பதவி உயர்வு என்ற ஒன்றே கிடையாது. அதனால் ஐந்தில் எது உங்களுக்கு முக்கியம், எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று முதலிலேயே யோசித்து வைப்பது நல்லது.

பள்ளியும் கல்லூரியும்

பிள்ளைகள் வளர்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம் என்பதுதான் இங்கே பெரிய சந்தோஷம். யாரிடமும் பேசாமல் ஓரமாக நின்ற பிள்ளை சில வருடம் கழித்து மேடையேறிப் பேசுவதைப் பார்க்கிற வாய்ப்பு மருத்துவமனைக் கவுன்சலருக்குக் கிடைப்பதில்லை. பிரச்சினை சின்னதாக இருக்கும்போதே கை கொடுக்கவும் முடியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வளாகத்தில் கவுன்சலிங் என்றால் என்னவென்று முறையாகப் படித்தவர் பல சமயம் நீங்கள் ஒருவர்தான். உங்கள் மேலதிகாரி கல்வித் துறையிலிருந்து வந்தவர். ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்வது, தேர்வு மேற்பார்வை, வருகைப் பதிவு, விழா ஏற்பாடு என்று வேலைகள் ஒவ்வொன்றாக உங்கள் மேசைக்கு வந்து சேரும். அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒரு கவுன்சலர் என்ற விகிதத்தைப் பரிந்துரைக்கிறது, அவருடைய நேரத்தில் 80 சதவீதமாவது நேரடியாகவோ மறைமுகமாகவோ மாணவர்களுக்குப் போக வேண்டும் என்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் இந்த இரண்டு எண்களையும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வாய்ப்புத் தரும் பள்ளி இதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ரகசியம் காக்கும் விஷயம். "அந்தப் பையன் உங்களிடம் என்ன சொன்னான்?" என்று வகுப்பாசிரியர் நடைபாதையில் வைத்துக் கேட்பார். அக்கறையில்தான் கேட்கிறார். ஆனாலும் பையனின் உயிருக்கு ஆபத்து என்பது போன்ற நிலை இல்லாதவரை நீங்கள் சொல்ல முடியாது. மறுக்கும்போது உறவு கெடாமல் மறுக்கத் தெரிய வேண்டும். நிர்வாகமும் உங்கள் பக்கம் நிற்க வேண்டும். நிர்வாகம் நிற்காத இடத்தில் எவ்வளவு திறமையானவரும் தேய்ந்துபோவார்.

நாள் முழுக்கத் துண்டு துண்டான வேலை, பத்து நிமிடப் பேச்சு, பெற்றோர், ஆசிரியர், முதல்வர் என்று பலரோடும் இணக்கமாகப் போவது, இதெல்லாம் உற்சாகம் தந்தால் பள்ளி உங்களுக்கான இடம். ஒருவரோடு மாதக்கணக்கில் ஆழமாகப் போக வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் பள்ளி உங்களைக் காய வைத்துவிடும்.

மருத்துவமனையும் தொண்டு நிறுவனமும்

புதிதாக வருகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். பளு அதிகம், சம்பளம் பல இடங்களில் குறைவு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இங்கே ஒரு வருடத்தில் பார்க்கிற விதவிதமான மனிதர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. அடிமைப் பழக்கம், இழப்பு, குடும்ப வன்முறை, நாள்பட்ட நோய் என எல்லாமே வரும். மனநல மருத்துவரும் சமூகப் பணியாளரும் மூத்த கவுன்சலரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ஒரு கேஸ் கைமீறினால் பக்கத்து அறைக் கதவைத் தட்டலாம்.

சக ஊழியர்களின் பங்கு கூடுதல் என்று முன்னால் சொன்னது இதனால்தான். பெரும்பாலான தொழில்களில் அன்று நடந்ததை வீட்டுக்குப் போய்க் கொட்டித் தீர்க்கலாம். கவுன்சலரால் முடியாது. கேட்டதைப் பேச அவருக்கு அனுமதியுள்ள இடம் சூப்பர்விஷன் ஒன்றுதான், அதாவது மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து கேஸ்களையும் தன் மனநிலையையும் பேசும் நேரம். பிரிட்டனின் கவுன்சலர் சங்கமான பி.ஏ.சி.பி. தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்கள் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷன் பெற வேண்டும் என்று விதித்திருக்கிறது. அனுபவம் எவ்வளவு இருந்தாலும் விலக்கு இல்லை. வேலை தரும் நிறுவனமே இதை ஏற்பாடு செய்கிறதா என்பது சம்பளத்துக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய விஷயம். முதல் சில வருடங்களில் சம்பளத்துக்கும் முன்னால் கேட்கலாம்.

இங்கே இருக்கும் ஆபத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிறருக்கு நேர்ந்த கொடுமைகளைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவருக்கு உலகத்தின் மீதும் மனிதர்கள் மீதும் இருந்த நம்பிக்கையே ஆட்டம் காணலாம் என்று லீசா மெக்கேனும் லாரி ஆன் பேர்ல்மனும் 1990-இல் விளக்கினார்கள். ஒரே வகைக் கேஸ்களை, அதுவும் வன்முறைக்கு ஆளானவர்களை மட்டுமே தொடர்ந்து பார்க்கச் சொல்லும் இடத்தில் இது வேகமாக நடக்கும். கேஸ்களைக் கலந்து கொடுக்கிற, இடைவெளி விடுகிற பழக்கம் அந்த நிறுவனத்துக்கு உண்டா என்று விசாரியுங்கள். அப்புறம், மருத்துவர்தான் எல்லாமே என்று நடக்கும் இடமா, கவுன்சலர் சொல்வதற்கும் காது கொடுக்கும் இடமா என்பதை ஒரு கேஸ் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாலே புரிந்துவிடும். சேரும் முன் ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாத இடம் மறுக்காது.

கம்பெனி ஊழியர்களுக்கான கவுன்சலிங்

நேரம் ஒழுங்கானது, வசதிகள் நன்றாக இருக்கும், வருகிறவர்களில் பலர் தன் கால்களில் நிற்கக்கூடிய நிலையில் இருப்பார்கள். செஷன்களுக்கு மட்டும் பொதுவாக ஒரு வரம்பு இருக்கும். சில சந்திப்புகளுக்குள் ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே ஒருவரிடம் அனுப்பிவைக்க வேண்டும். ஸ்டீவ் டி ஷேஸர், இன்சூ கிம் பெர்க் ஆகியோர் வளர்த்த, தீர்வை மையமாகக் கொண்ட குறுகிய கால முறை பிடித்தவர்கள் இங்கே நன்றாக வேலை செய்வார்கள்.

கடினமான கேள்வி வேறு. வருகிறவருக்கு நீங்கள் பொறுப்பா, உங்களுக்குச் சம்பளம் தருகிற கம்பெனிக்குப் பொறுப்பா? ஊழியரின் மன உளைச்சலுக்குக் காரணமே அவருடைய மேலாளர் என்றால் என்ன செய்வீர்கள்? கம்பெனியின் சம்பளப் பட்டியலிலேயே இருக்கும் கவுன்சலருக்கு இந்த இழுபறி அதிகம். வெளி நிறுவனம் வழியாகப் போகிறவருக்குக் கொஞ்சம் குறைவு. யார் வந்தார்கள் என்ற பெயர் விவரம் கம்பெனிக்குப் போகாது, எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே போகும் என்று எழுத்தில் இருந்தால் சேரலாம். வாய்மொழியாக மட்டும் சொன்னால் நான் சேர மாட்டேன்.

சொந்த பிராக்டிஸும் ஆன்லைனும்

எல்லோருக்கும் ஆசை காட்டுவது சொந்த பிராக்டிஸ்தான். ஆசைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. பாட்ரிஷியா ரூபர்ட், டேவிட் மோர்கன் இருவரும் அமெரிக்க உளவியலாளர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தனியாகவோ குழுவாகவோ சொந்தமாக பிராக்டிஸ் செய்தவர்கள், நிறுவனங்களில் இருந்தவர்களைவிடத் தங்கள் வேலை மீது கூடுதல் பிடியும் கூடுதல் சாதனை உணர்வும் இருப்பதாகச் சொன்னார்கள். யாரை எடுத்துக்கொள்வது, எந்த முறையில் வேலை செய்வது, எப்போது விடுப்பு எடுப்பது எல்லாம் உங்கள் கையில்.

ஆனால் இப்படிப்பட்ட ஆய்வைப் படிக்கும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். சொந்த பிராக்டிஸில் பதில் சொல்கிறவர்கள் அதில் நிலைத்து நின்றவர்கள். ஆள் வராமல் மூடிவிட்டுப் போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. நிலைத்தவர்களுக்கு அனுபவமும் பெயரும் ஏற்கெனவே இருந்திருக்கலாம். ஆகவே "சொந்தமாகத் தொடங்கினால் திருப்தி வரும்" என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. வருமானம் மாதத்துக்கு மாதம் ஆடும். கணக்கு வழக்கு, விளம்பரம், கடைசி நிமிடத்தில் வராமல் போகிறவர்களிடம் கட்டணம் கேட்பது எல்லாமே உங்கள் தலையில்தான். பணம் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற நல்ல கவுன்சலர்கள் இதில் ரொம்பவே கஷ்டப்படுகிறார்கள். ஒரு நெருக்கடி கேஸ் இரவில் வந்தால் பக்கத்து அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். தனிமையைத் தாங்கும் மனசு வேண்டும். சூப்பர்வைசரைச் சொந்தச் செலவில் ஏற்பாடு செய்துகொள்ளும் ஒழுங்கும் வேண்டும். இந்த இரண்டும் இருந்து, சில வருட அனுபவமும் இருந்தால் இது மிக நல்ல வாழ்க்கை. படிப்பு முடிந்த கையோடு இதில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆன்லைன் தளங்கள் ஆள் தேடும் சுமையைக் குறைக்கின்றன. பதிலுக்கு, யாரைப் பார்ப்பது, எவ்வளவு நேரத்துக்குள் பதில் எழுதுவது என்பதைத் தளமே தீர்மானிக்கும் நிலையும் வரலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் பிடி உங்கள் கையில் இருப்பது போலத் தோன்றும். உண்மையில் யார் கையில் என்று ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும். கூடுதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம், முழு வாழ்வாதாரமாக வேண்டாம்.

இருப்பதா, மாற்றிப் பார்ப்பதா, கிளம்புவதா

ஏற்கெனவே ஓர் இடத்தில் இருந்துகொண்டு தவிப்பவருக்கு இடம் மாறுவது மட்டும் வழியல்ல. ஏமி ரெஸ்னீவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-இல் எழுதியது போல, ஊழியர்கள் தங்கள் வேலையின் எல்லைகளைத் தாங்களாகவே கொஞ்சம் நகர்த்தி அமைத்துக்கொள்ள முடியும். கவுன்சலர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். தனித்தனிச் சந்திப்புகளில் சிலவற்றைக் குழு அமர்வாக மாற்றலாம். இரண்டு செஷன்களுக்கு நடுவே கால் மணி நேரம் கேட்டு வாங்கலாம். நிறுவனம் சூப்பர்விஷன் தராவிட்டால் வெளியே உள்ள நான்கு கவுன்சலர்கள் சேர்ந்து பெயர் விவரங்களை மறைத்துவிட்டு ஒருவருக்கொருவர் கேஸ் பேசலாம். பளு, நேரம், அறை, கேஸ் வகை இவையெல்லாம் பேசித் தீர்க்கக் கூடியவை. குறைந்தது ஒரு முறையாவது எழுத்தில் கேட்டுப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

மதிப்பீடுகளில் வரும் மோதல் அப்படியில்லை. செஷன் நோட்ஸை நிர்வாகம் எடுத்துப் படிக்கிறது, வருகிறவர்களுக்குத் தேவையே இல்லாத செஷன்களை வருமானத்துக்காக நீட்டச் சொல்கிறது, ஒரு குறிப்பிட்ட பிரிவு மக்களை இழிவாக நடத்துகிறது என்றால், உங்கள் தரப்பில் எதை மாற்றியும் பயனில்லை. அங்கே பழகிக்கொள்வதுதான் பெரிய நஷ்டம். சீக்கிரம் வேறு இடம் பாருங்கள்.

இடத்தை விட்டதால் தொழிலை விட்டதாக ஆகாது. கவுன்சலிங் துறையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ராச்செஸ்டரில் குழந்தைகளுக்கான மையத்தில் 12 வருடம் வேலை பார்த்தார். 1940-இல் ஒஹாயோ, 1945-இல் சிகாகோ. அங்கே கவுன்சலிங் மையத்தை நிறுவி அதை வளர்த்தார். 1957-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே உளவியல் துறை தன் மாணவர்களை நடத்திய விதம் அவருடைய நம்பிக்கைகளோடு முட்டியது. 1963-இல் துறையிலிருந்து விலகி, அப்புறம் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து கடைசிவரை அந்த மாநிலத்திலேயே வேலை செய்தார். மனிதரை நிபந்தனையின்றி ஏற்பது என்ற தன் அணுகுமுறையை அவர் எங்கும் கைவிடவில்லை.

பொருத்தம் என்று தேடும்போது நம்மைப் போலவே யோசிக்கிறவர்கள் மட்டும் நிறைந்த இடத்தைத் தேடிவிடக் கூடாது. ஒத்துப்போகிறவர்கள் வந்து சேர்வார்கள், ஒத்துப்போகாதவர்கள் போய்விடுவார்கள், கடைசியில் இடம் முழுக்க ஒரே மாதிரி ஆட்களாக ஆகிவிடும் என்று பெஞ்சமின் ஷ்னைடர் 1987-இலேயே எச்சரித்தார். எல்லோரும் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றும் மையத்தில், அந்த முறை ஒத்துவராத ஒருவர் வந்தால் அவரைப் புரிந்துகொள்ள ஆள் இருக்காது. மதிப்பீடுகள் ஒன்றாகவும் திறமைகள் வேறு வேறாகவும் இருக்கும் குழுவே எனக்குத் தெரிந்து நல்ல குழு.

நேர்முகத் தேர்வில் அவர்கள் உங்களைக் கேட்பது போலவே நீங்களும் கேளுங்கள். எனக்கு முன் இருந்தவர் ஏன் போனார்? நோட்ஸை யாரெல்லாம் பார்க்க முடியும்? கதவு மூடக்கூடிய தனி அறை உண்டா? என் வேலையை மதிப்பிடப் போகிறவர் கவுன்சலிங் தெரிந்தவரா? முதல் கேள்விக்கு வரும் பதிலைவிட, அதைச் சொல்லும்போது அவர்கள் முகம் போகிற போக்கைக் கவனியுங்கள். முடிந்தால் போனவரிடமே பேசிவிடுங்கள்.

மாறுவது என்று முடிவாகிவிட்டால், தேதி குறிக்கும் முன் உங்களிடம் வந்துகொண்டிருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு முன்பே அவர்களிடம் நேரில் சொல்லி, பிரிவதைப் பற்றிப் பேச ஒரு செஷனாவது ஒதுக்கி, அடுத்து யாரிடம் போவது என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இதற்கு அவகாசம் தருமாறு பழைய நிர்வாகத்திடமும் புதிய நிர்வாகத்திடமும் கேளுங்கள். புதிய இடம் இதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதிலிருந்தே அதைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.